அடிதடி இல்லாமலும் சூப்பர் ஹீரோ கதை சொல்லலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர் ஹீரோ என்றாலே இருட்டு, பழிவாங்கல், ஊரையே இடித்துத் தள்ளும் சண்டை என்று ஆகிவிட்டது. அதில் சலித்துப் போனவர்களுக்கு ‘டைனி டைட்டன்ஸ்’ காமிக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆர்ட் பால்டசாரும் ஃபிராங்கோவும் சேர்ந்து செய்த தொடர், டிசி காமிக்ஸ் 2008 முதல் 2012 வரை 50 இதழ்கள் வெளியிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கானதுதான், ஆனால் நான் இதை ரசித்துப் படிக்கிறேன், திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

டைட்டன்ஸ் என்பது டிசி கதைகளில் வரும் இளம் சூப்பர் ஹீரோக்களின் அணி. அதைச் சேர்ந்த ராபின், ரேவன், ஸ்டார்ஃபயர், சைபோர்க் எல்லோரும் இதில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். மற்றக் கதைகளில் டைட்டன்ஸை ஓட ஓட விரட்டும் ஸ்லேட்தான் இங்கே தலைமை ஆசிரியர், பிரபஞ்சத்தையே ஆட்டிப் படைக்கும் டார்க்சைட் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறார், அப்புறம் ரேவனின் அப்பா டிரைகான் இருக்கிறாரே, நான்கு கண்ணும் கொம்புமாக உலகங்களை அழிக்கும் அந்த அரக்கன், அவர் வகுப்புக்குப் பதில் ஆசிரியராக வந்து நிற்கிறார். சொந்த அப்பாவே வகுப்பெடுக்க வந்தால் எந்தப் பிள்ளைக்கும் மானம் போகுமே, ரேவனுக்கும் அதே பாடுதான். இவர்களெல்லாம் யார் என்று தெரியாத குழந்தையும் சிரிக்கும், பழைய கதைகள் தெரிந்தவர் இன்னொரு தடவை சேர்த்துச் சிரிப்பார். இந்த இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டு வருவது லேசுப்பட்ட வேலை இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பீஸ்ட் பாய். பச்சை நிறப் பையன், நினைத்த மிருகமாக மாறுவான், டெர்ரா மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அவளோ பாறைகளை அசைக்கும் சக்தி உள்ளவள், பதிலுக்குக் கல்லைத்தான் வீசுகிறாள். அவன் கொஞ்சமும் கலங்காமல் மறுபடி போய் நிற்கிறான். தொடர் முழுக்க இந்தக் கூத்து வந்துகொண்டே இருக்கிறது, எனக்குச் சலிக்கவே இல்லை.

‘குழந்தைகள் சமாச்சாரம்தானே’ என்று இதை ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருதை 2009-லும் 2011-லும் சிறுவர் வெளியீட்டுக்காக வாங்கிய தொடர் இது, சும்மா கொடுத்துவிடவில்லை. ஒன்றிரண்டு பக்கத்தில் முடிகிற துணுக்குக் கதைகள், கெட்டியான கோடு, பெரிய தலை, பளிச்சென்ற வண்ணம், கொஞ்சமே வசனம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகூடப் பெரியவர் துணை இல்லாமல் படித்து, தானாகவே நகைச்சுவையைக் கண்டுபிடித்துச் சிரிக்கலாம். பாடப் புத்தகத்தில் அந்தச் சந்தோஷம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது?

உங்கள் சிறுவர் பக்கத்தில் இந்த மாதிரி காமிக்ஸ்களுக்கு மாதம் ஒரு அறிமுகமாவது போடுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: இது தொகுப்பு நூல்களாகவும் வந்திருக்கிறது, முதல் இதழிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை, எது கையில் கிடைக்கிறதோ அதைப் பிள்ளையிடம் கொடுங்கள், அது படித்து முடித்ததும் நீங்களும் படியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காமிக்ஸ் வாசகர்