எலாஸ்டிக் போனதற்கு இருக்கையையே மாற்றச் சொல்லும் நிறுவனத்துக்கு

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி
(பெயர், முழு முகவரி, பில் நகல் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: குழந்தைகள் கார் இருக்கையின் உறையில் எலாஸ்டிக் செயலிழந்தது; மாற்று உறை தர மறுப்பது தொடர்பாக.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் குழந்தைகள் கார் இருக்கையை 2022 ஏப்ரலில், மகள் பிறந்த சில வாரங்களில், புதுச்சேரியில் உங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கினேன். பிறந்த குழந்தை முதல் 25 கிலோ எடை வரை ஏற்றது என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். விலை கூடுதலாக இருந்தும் அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். மகளுக்கு இப்போது மூன்றரை வயது, எடை 14 கிலோ. 25 கிலோவைத் தொட இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும்.

இருக்கையின் பிளாஸ்டிக் ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தோள் பட்டைகள் உறுதியாக இருக்கின்றன, பக்கிள் ஒழுங்காகப் பூட்டுகிறது, துணியின் நிறம்கூட மங்கவில்லை. உறையின் ஓரத்தைச் சுற்றி வரும் கால் அங்குல எலாஸ்டிக் மட்டும் உயிரை விட்டுவிட்டது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் நீண்டபடியே கிடக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் இழை உடைகிற சத்தம் காதில் கேட்கிறது. வெளியே சுற்றிய நூல் மட்டும் எலாஸ்டிக் போல நடித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு உங்கள் சேவை மையம் முதலில் அனுப்பிய பதில், "இது இயல்பான தேய்மானம், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது" என்பது. வெயிலும் சூடும் பட்டால் ரப்பர் இறுகி வெடிக்கும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் தெருவில் வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் உள்ளவர்கள் குறைவு. கத்திரி வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். அப்படி நிற்கும் காருக்குள் பொருத்துவதற்கென்றே நீங்கள் விற்கும் பொருள் அல்லவா இது? துணிக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் தரம் பார்த்திருக்கிறீர்கள், ஓட்டுக்குப் பார்த்திருக்கிறீர்கள். எலாஸ்டிக்குக்கு மட்டும் யாரும் பார்க்கவில்லை. துவைத்த விதத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை. உறையில் தைத்திருக்கும் சீட்டில் சொன்னபடி, வெளுப்பான் சேர்க்காமல் கையால் அலசி நிழலில்தான் காய வைத்தேன்.

ஓரம் தளர்ந்ததால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நான் புகார் எழுதவில்லை. அதற்காக மட்டும் என்றால் நான்கு ஊக்குகளைக் குத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன், அதுவும் குழந்தை உட்காரும் இடத்தில் ஆகாத காரியம். தளர்ந்த உறை கீழ்நோக்கிச் சரிந்து வந்து குழந்தையின் தொடைக்கு அடியில் சுருள்கிறது. கால்களுக்கு இடையில் வரும் பக்கிள் அந்தச் சுருளுக்குள் புதைந்துவிடுகிறது. தோள் பட்டைகள் வெளியே வரும் துளைகள் துணியில் ஓரிடத்திலும் ஓட்டில் வேறிடத்திலுமாக நிற்கின்றன. இதனால் பட்டையை இழுத்து இறுக்கும்போது அது துணியையும் சேர்த்து இழுக்கிறது. இறுகிவிட்டது என்று கை சொல்லும், உள்ளே தொளதொளவென்று இருக்கும். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாக அடிக்கடி போகிறோம். அந்தச் சாலையில் பஸ்கள் முந்துகிற விதத்தை நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தால், பட்டையில் இரண்டு விரல் தளர்வு என்றால் என்ன என்று புரியும்.

இனி நீங்கள் எனக்குக் காட்டிய வழிகளைப் பற்றி எழுதுகிறேன். கோபம் வந்ததே இங்கேதான்.

மாற்று உறை விலைக்கு வேண்டும் என்று கேட்டேன். உறை தனியாக விற்பனைக்கு இல்லை என்றீர்கள். அப்படியானால் கடையில் கிடைக்கும் பொதுவான உறையைப் போடலாமா என்று கேட்டேன். கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினீர்கள்: உறை பாதுகாப்பு அமைப்பின் ஒரு பகுதி, உற்பத்தியாளர் பரிந்துரைக்காத வேறு உறையைப் பயன்படுத்தக் கூடாது. அந்த எச்சரிக்கையில் எனக்கு மறுப்பே இல்லை. குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா. 44ஆம் விதியே அப்படி எழுதச் சொல்கிறது, உங்கள் இருக்கையிலும் அந்த விதியின் ஆரஞ்சு நிற முத்திரை ஒட்டியிருக்கிறது. தடித்த உறை போட்டால் பட்டை உடலோடு படியாது. வழுக்கும் துணி போட்டால் மோதலில் குழந்தை இடுப்புப் பட்டைக்கு அடியில் நழுவிவிடும். காரணம் நியாயமானது. அப்படியானால் இதே உறையில் எலாஸ்டிக்கை மட்டும் மாற்றித் தைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எங்கள் அனுமதியின்றிப் பிரித்தால் நாங்கள் பொறுப்பல்ல என்றீர்கள். அனுமதி தாருங்கள் என்றேன். அதற்குப் பதிலாக வந்தது, புதிய மாடல் இருக்கைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்.

உறை பாதுகாப்பின் ஒரு பகுதி என்றால், அந்தப் பகுதி பழுதானால் மாற்றித் தருவது யார் வேலை? பாதுகாப்பின் பகுதி இல்லை என்றால், டெய்லரிடம் கொடுக்க உங்கள் அனுமதி எதற்கு? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். கையேட்டில் ஒன்றும் சேவை மையத்தில் வேறொன்றும் பேசாதீர்கள்.

எனக்கே தையல் தெரியும். வீட்டில் மெஷின் இருக்கிறது. இருந்தாலும் பெரிய மார்க்கெட் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் டெய்லர் ஒருவரிடம் உறையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஓரத்தைப் புரட்டிப் பார்த்ததும், "அம்மா, இதைப் பிரித்தால் துணியும் சேர்ந்து வரும்" என்றார். எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துத் துணியின் விளிம்போடு சேர்த்து நேராக ஓவர்லாக் (விளிம்பைச் சுற்றி நூலால் பின்னும் தையல்) அடித்திருக்கிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளையின் பாவாடைக்குக்கூட நாடா போக மடித்து, கோக்க வாய் விட்டுத் தைப்பார்கள். நாடா இற்றுப்போனால் ஊக்கில் கட்டி வேறொன்றைக் கோத்துவிடலாம். உங்கள் உறையில் அந்த வாயைக் காணோம். ஓவர்லாக்கை வெட்டி எடுத்தால் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் துணி போகும், பிறகு உறை ஓட்டின் விளிம்பைத் தாண்டி மடங்காது. பதிலுக்கு, பழைய எலாஸ்டிக்கை அப்படியே விட்டுவிட்டு, உட்புறம் பட்டைத் துணியால் ஒரு மடிப்பு வைத்துத் தைத்து, அதில் புதியதைக் கோக்கலாம் என்று டெய்லர் சொன்னார். நானும் அதையே நினைத்திருந்தேன்.

ஆனால் எவ்வளவு நீளம் வைப்பது? குறைவாக வைத்தால் ஓரம் இழுபட்டு நடுவில் துணி மேலே எழும்பும், பட்டைத் துளைகள் மறுபடியும் இடம் மாறும். கூடுதலாக வைத்தால் இப்போது இருப்பதுபோலவே தொங்கும். செத்த எலாஸ்டிக்கை அளந்து புதியதன் நீளத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் தொழிற்சாலையில் அந்த அளவு யாராவது ஒருவரின் மேசையில் எழுதி ஒட்டியிருக்கும். அதைச் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. எலாஸ்டிக்கின் விலையும் டெய்லர் கூலியும் சேர்ந்தாலும் உங்கள் கூப்பனில் காட்டிய தள்ளுபடியில் ஒரு மூலைக்குக் காணாது.

எனவே நான் கேட்பது இதுதான். இந்த மாடலுக்கான புதிய உறையை இலவசமாக அனுப்புங்கள். கையிருப்பில் உண்மையாகவே இல்லை என்றால், எலாஸ்டிக்கின் அகலம், இழுக்காத நிலையில் அதன் நீளம், தைக்க வேண்டிய முறை ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள். அந்த முறைப்படி மாற்றினால் இருக்கை பயன்படுத்தத் தகுதியுடையதே என்றும் அதே கடிதத்தில் உறுதி கூறுங்கள். தையல் கூலியை நான் கேட்கவில்லை. இரண்டும் முடியாது என்றால் இருக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 25 கிலோ வரை என்ற வாக்குறுதியில் நிறைவேறாத காலத்துக்கு உரிய தொகையைத் தாருங்கள்.

இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டு போகலாமே என்று உங்கள் ஊழியர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். குழந்தை இருக்கை விற்கும் நிறுவனத்தின் ஊழியருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு ஒருநாள் பயிற்சி கொடுங்கள். இதைத் தனிப் புகாராக எழுதவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, விற்பவர் உரிமை கொண்டாடிய தரத்தில் ஏற்படும் குறையையும் பொருளின் குறைபாடாகவே கருதுகிறது. பெட்டியின் படத்தையும், எலாஸ்டிக் கிடக்கும் நிலையைக் காட்டும் படங்களையும், உங்கள் பதில்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்குபவர் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் பதில் சொல்ல இங்கேதான் வர வேண்டியிருக்கும்.

பதிலைத் தபாலில் அனுப்புங்கள். கூப்பன் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி