ஆரம்பத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

தமிழ்ப்பள்ளி மலருக்கு நம் ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், லேப்டாப்பைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை என்று புலம்பியிருந்தாய். நீ அனுப்பிய படத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: “பேராக் மாநிலத்தில் இயற்கை எழில் கொஞ்சும் சுங்கை சிப்புட் நகரம் வரலாற்றுச் சிறப்புமிக்கது.” இதை எழுதியது நீ இல்லை. உன் ஆறாம் ஆண்டுக் கட்டுரை நோட்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல்தான். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் ஆங்கில அரசின் அவசரகாலம் வந்தது. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்ததும் இங்கேதான். எழுத உட்கார்ந்ததுமே இவையெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் நீ எப்படி உள்ளே போவாய்?

அதே இரவு எனக்கு வாட்சப்பில் குரல்பதிவு அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? திக்காமல் திணறாமல் பேசியிருந்தாய். அம்மாச்சி பசியோடு மரம் வெட்டிய கதை, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்த கதை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியுமுன்பே நிரைக்கு, தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, போய்விட வேண்டும். வழக்கமாக மரத்தடியில்தான் பசியாறுவார்கள். அவசரகாலத்தில் அதற்கும் தடை வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று தோட்டத்து கேட்டில் சோதனை போட்டார்கள். வேலை முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்வரை அம்மாச்சிக்கு வெறும் வயிறு.

இதை அப்படியே தட்டச்சு செய். “அம்மாச்சி தூக்குச்சட்டி இல்லாமல் வேலைக்குப் போனார்” என்று தொடங்கினால், ஏன் இல்லை என்று படிக்கிறவர் கேட்பார். பதில் சொல்லப் போனால் கேட்டுச் சோதனை வரும், 1948-உம் வரும். அதைப் பிடித்து இழுத்துவர வேண்டியதில்லை.

முதல் வரியை முதலில் எழுத வேண்டும் என்று சட்டமா என்ன? நான் பெரும்பாலும் நடுவிலிருந்துதான் தொடங்குவேன். முடித்தபிறகு பார்த்தால் மூன்றாம் பத்தியே நல்ல தொடக்கமாக இருக்கும். மேலே உள்ள இரண்டையும் வெட்டிவிடுவேன். முதலில் வருவது சுமாராகத்தான் வரும். மரத்தில் முன்பு வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்த பிறகுதானே புதுப்பட்டையைச் சீவுவார்கள்? ஒட்டுப்பாலையும் யாரும் எறிவதில்லை, அதற்கும் நிறுவை உண்டு. அதனால் பிடிக்காத வரிகளை அழிக்காதே, கீழே தள்ளி வை.

இன்னொன்று, சின்னது. எழுதும்போது மலர்க்குழுவை நினைக்காதே. அந்தத் தோட்டத்தையே பார்க்காத என் மகளுக்குச் சொல்வதாக நினைத்துக்கொள். செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டும் பார்த்து வளர்ந்தவளுக்கு மங்கு என்றால் சாப்பிடும் கிண்ணம்தான். பாலைப் பிடிக்க மரத்தில் ஏன் மங்கு வைத்தார்கள் என்று கேட்பாள். அவளுக்கு விளக்கும் சாக்கில் ஒரு பத்தி ஓடிவிடும்.

எழுத்துப்பிழை திருத்தாமல் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. அதற்கு முன் பெரியம்மாவிடம் ஒன்று கேட்டு வை: கேட்டில் பெண்களைச் சோதித்தது யார், ஆண்களா பெண்களா? குரல்பதிவில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டாய்.

அன்புடன்,
அக்கா