ஒரே நாளில் நீங்கள் விற்ற பிக்கப்பும் 28 அடி முகாம் ட்ரெய்லரும் பொருந்தாதது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், விற்பனை மற்றும் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் விளம்பரத்தை நாங்கள் பார்த்தது ரொறன்ரோவில் வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகையில். எங்களுக்கு விற்ற தம்பியும் தமிழர். "அண்ணா, கவலையே படாதீர்கள், இந்தப் பிக்கப் இந்த ட்ரெய்லரை அலுங்காமல் இழுத்துக்கொண்டு போகும்" என்று எங்களை நம்ப வைத்ததும் தமிழில்தான். ஆகவே என் கேள்வியும் தமிழிலேயே இருக்கட்டும். விற்கும்போது தெரிந்த மொழி, புகார் வரும்போது மறந்துபோகாது என்று நம்புகிறேன்.

கடந்த ஏழு வாரங்களில் உங்கள் அலுவலகத்தை 19 தடவை தொலைபேசியில் அழைத்திருக்கிறேன். விற்பனைப் பிரிவைக் கேட்டால் சேவைப் பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள். சேவைப் பிரிவு உத்தரவாதப் பிரிவைக் கைகாட்டுகிறது. உத்தரவாதப் பிரிவில் ஒரு பெண், பாவம், பணிவாகத்தான் பேசினார். ஆனால் அவரும் இண்டியானா மாநிலம் எல்க்கார்ட்டில் உள்ள தயாரிப்பாளரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டார். அங்கே அழைத்து 47 நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். எந்த வாகனத்தோடு எந்த ட்ரெய்லரைச் சேர்க்கலாம் என்று பார்ப்பது விற்ற முகவரின் வேலை என்று அவர்கள் சொன்னார்கள். சுற்றி வந்து நிற்பது மறுபடியும் உங்கள் வாசலில்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, ஜூலை நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் சேவை மேசையில் நடந்தது. ட்ரெய்லரைப் பிக்கப்போடு பூட்டும் ஹிட்ச்சைத் திரும்பச் சரிசெய்து தருகிறோம், காலை 9 மணிக்கு ட்ரெய்லரோடு வாருங்கள் என்று சொன்னது நீங்கள். வேலைக்கு விடுப்பு எடுத்தேன். ட்ரெய்லர் நிறுத்தி வைத்திருக்கும் இடத்துக்கு விடியற்காலையில் போய், அதைப் பூட்டி, 90 கிலோமீட்டர் தூரம், 80க்கு மேல் போகப் பயந்து, வலதுபக்கப் பாதையிலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தோம். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹோர்ன் இன்னும் காதில் இருக்கிறது. மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்தார். அப்படி ஒரு பதிவே இல்லை என்றார். ஹிட்ச் வேலை தெரிந்தவர் அந்த வாரம் முழுவதும் விடுமுறையாம். என் மனைவி, குழந்தைகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் ஆடியதைச் சொல்லத் தொடங்கினார். மேசையில் இருந்தவர் காப்பிக் கோப்பையின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "முதல்முறை இழுப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் கணவரை முதலில் ஓட்டப் பழகச் சொல்லுங்கள்."

நான் இந்த நகரத்தில் 12 வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். ஜனவரிப் பனியில், ஷெப்பர்ட் அவெனியூவில், நிற்க இடமில்லாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறேன். ஓட்டத் தெரியாதவன் என்று என் மனைவியிடம் சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? ட்ரெய்லர் இழுப்பது எனக்குப் புதிது என்பதை நான் மறைக்கவில்லை. வாங்கிய அன்றே உங்கள் விற்பனையாளர் தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன். புதியவன் என்று தெரிந்துதானே விற்றீர்கள்?

நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். மே மாதம் எங்கள் குடும்பம் ஒரே நாளில் உங்களிடம் இரண்டு வாகனம் வாங்கியது. 'அரை டன்' எனப்படும் வகைப் பிக்கப் ஒன்று, இரண்டு அச்சுள்ள 28 அடி ட்ரெய்லர் ஒன்று. இரண்டும் சேர்த்து, 13 சதவீத வரிக்கு முன்பே, 84,000 டாலர். வீடு வாங்கிய பிறகு நாங்கள் கையெழுத்திட்ட மிகப்பெரிய தொகை இது. பிக்கப் 4,500 கிலோ இழுக்கும், ட்ரெய்லர் 2,650 கிலோதான், ஆகவே இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று அந்தத் தம்பி தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. 2,650 என்பது வெறும் ட்ரெய்லரின் எடை என்பதை யாரும் சொல்லவில்லை. தண்ணீர், எரிவாயு, மின்கலம், பாத்திரம், படுக்கை எதுவும் அதில் சேராது. "தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள் அண்ணா, அங்கே வரிசையில் நிற்க வேண்டியதில்லை" என்றும் சொன்னார். 180 லிட்டர். அதாவது 180 கிலோ.

வாகனத்தை ஒப்படைத்த நாளில் வெய்யில் மறைப்பை விரிக்கும் பொத்தானையும் தொலைக்காட்சியையும் கட்டில் மடிக்கும் விதத்தையும் அரை மணி நேரம் காட்டினார்கள். ஹிட்ச்சுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். பிக்கப்பும் வெறுமை, ட்ரெய்லரும் வெறுமை, அப்படியே பூட்டிச் சங்கிலியை ஒரு கண்ணியில் மாட்டி, இனி இதை மாற்றவே வேண்டாம் என்றார்கள். சில்லு நட்டுகளை முதல் 80 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்க வேண்டும் என்பதைக்கூட நான் பிறகு கையேட்டில்தான் படித்தேன்.

கனடா தின விடுமுறைக்கு அல்கொன்குயின் பூங்காவில் முகாமிட இடம் பிடித்திருந்தோம். அந்த இடம் எப்படிக் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஐந்து மாதம் முன்பே, காலை 7 மணிக்கு, நானும் மனைவியும் இரண்டு கணினி முன்னால் உட்கார்ந்து பிடித்தது. என் அம்மா இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில் நகரத்தை விட்டு வெளியே தங்கியதில்லை. கூடாரத்தில் தரையில் படுக்க அவருக்கு முடியாது. ட்ரெய்லர் வாங்கியதே அவருக்காகத்தான்.

மாலையில் 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, பரி தாண்டி 11ஆம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கியதும் எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்த்து விளக்கை மின்னத் தொடங்கினார்கள். ஏன் என்று புரியவில்லை. பிக்கப்பின் முன்பக்கம் உயர்ந்திருந்ததால் என் விளக்கு வெளிச்சம் சாலையில் விழாமல் மரக்கிளைகளில் விழுந்துகொண்டிருந்தது. கிரேவன்ஹர்ஸ்டுக்கு முன்னால் ஓர் இறக்கத்தில், 95இல் போகும்போது, பெரிய லொறி ஒன்று இடதுபக்கமாகக் கடந்தது. முதலில் ட்ரெய்லரை வெளியே தள்ளியது, அடுத்து தன் பக்கம் இழுத்தது. லொறி போய்விட்டது, ஆட்டம் நிற்கவில்லை. ட்ரெய்லரின் பின்மூலை இடது கண்ணாடியில் தெரிந்தது, உடனே வலது கண்ணாடியில் தெரிந்தது. ஸ்டீயரிங் கையில் பாரமே இல்லாமல் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இன்னும் கூடியது. அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது, டாஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தப் பொத்தானின் பெயரைக்கூட நீங்கள் சொல்லவில்லையே!

எப்படியோ ஓரமாக நிறுத்தினேன். அம்மா மேலே இருந்த பிடியை விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக என் மகள்தான் பிரித்துவிட்டாள். ட்ரெய்லரைத் திறந்தபோது குளிர்பெட்டிக் கதவு திறந்து கிடந்தது, மிளகாய்த்தூள் டின் உடைந்து தரை, மெத்தை, குழந்தைகளின் தலையணை எல்லாம் சிவப்பாக இருந்தது. எஞ்சிய தூரம் முழுவதும் எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு 60இல் போனோம்.

மறுநாள் பக்கத்து இடத்தில் இருந்த ஒரு வயதான கனடியர், நாங்கள் கேட்காமலேயே, அளவு நாடாவோடு வந்தார். பிக்கப்பின் முன்சில்லுக்கு மேலே இருக்கும் விளிம்பை அளந்தார். ட்ரெய்லர் இல்லாமல் தரையிலிருந்து 96 சென்டிமீட்டர். பூட்டியதும் 101. எடையை முன்சில்லுகளுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச்சின் ஸ்பிரிங் பார்களை மாட்டிய பிறகு 100. உயர்ந்த ஐந்தில் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும் என்றார். முன்சில்லுகளின் மேல் எடையே திரும்பி வரவில்லை, அதனால்தான் ஸ்டீயரிங் அப்படி இருந்தது. பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டைத் தாளை விரலால் தொட்டுக் காட்டினார். ஆட்களும் சாமானும் சேர்ந்து 640 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. ஹிட்ச் மேல் ட்ரெய்லர் அழுத்தும் எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு அந்நியர் பார்த்ததை, இதையே தொழிலாக வைத்திருக்கும் நீங்கள் ஏன் பார்க்கவில்லை?

மூன்றாம் நாளே திரும்பிவிட்டோம். மச்சான் வான் வண்டியோடு வந்து அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனார். தொட்டியைக் காலி செய்து நான் தனியாக இழுத்து வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, நீங்கள் கணக்கை நம்பமாட்டீர்கள் என்று தெரிந்து, அதே தண்ணீர், அதே சாமான்களை ஏற்றி, 401ஆம் நெடுஞ்சாலை ஓரத்து லொறித் தரிப்பிடத்தில் இருக்கும் எடைமேடைக்குப் போனோம். அம்மா இனி அதில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய இருக்கையில் 18 கிலோ அரிசி மூட்டை மூன்றை வைத்துப் பட்டி போட்டேன். எங்கள் ஐந்து பேருக்கும் 285 கிலோ. ஹிட்ச் 45. பின்பெட்டியில் ஜெனரேட்டரும் குளிர்பெட்டிகளும் 90. ட்ரெய்லரின் முழு எடை 3,200, அதில் ஹிட்ச் மேல் அழுத்துவது 400. மொத்தம் 820. 640 சுமக்க வேண்டிய வாகனம் 820 சுமந்திருக்கிறது. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிட்ச்சில் இறங்குவதுதான் முறை, ஆகவே 400 என்பது நான் ஏற்றியதில் வந்த பிழை அல்ல. அதைக் குறைத்தால் ஆட்டம் இன்னும் மோசமாகும். பின்பெட்டியை முழுக்கக் காலியாக்கினாலும் இந்தக் கணக்கு சரிவராது. எங்கள் குடும்பத்தில் ஒருவரை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும் என்றா சொல்கிறீர்கள்? யாரை?

நான் இந்தத் தாள்களோடுதான் அன்று உங்கள் மேசைக்கு வந்தேன். அவர் அவற்றைக் கையில் வாங்கவே இல்லை.

இந்தக் கோடை முழுவதும் எங்களுக்குப் போய்விட்டது. ட்ரெய்லர் நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 டாலர் கட்டிக்கொண்டு அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டு வாசலில் நிறுத்த நகரசபை விடாது. கடன் தவணை தேதி தவறாமல் போகிறது. மகன், "அப்பா, காடு எப்போது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டான். எங்கள் பத்து வருடச் சேமிப்பை நீங்கள் நெடுஞ்சாலையில் எறிந்துவிட்டீர்கள் என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. நல்லபடி முடிக்கவே விரும்புகிறேன். இந்தப் பிக்கப்பை, நாங்கள் ஐந்து பேரும் ஏறினாலும் இந்த ட்ரெய்லரைத் தாங்கக்கூடிய, அடுத்த பெரிய வகையான முக்கால் டன் பிக்கப்பாக, விலை வித்தியாசத்தை நீங்கள் ஏற்று மாற்றித் தாருங்கள். அல்லது ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு, கதவுத் தாளில் உள்ள 640 கிலோவுக்குள் அடங்கும் சிறியதைக் கொடுத்து மீதிப் பணத்தைத் திருப்புங்கள். எதைச் செய்தாலும், ஏற்றிய நிலையில், என் கண்முன்னே, அளவு நாடாவால் அளந்து ஹிட்ச்சைப் பொருத்த வேண்டும். நிறுத்துமிட வாடகையையும், பாதியில் விட்டுவந்த முகாம் கட்டணத்தையும் தரவேண்டும்.

இது முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான தகவல் கூறி விற்ற ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குள் ரத்துச் செய்ய எனக்கு உரிமை இருக்கிறது. அடுத்த மே மாதம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. பிக்கப் விற்றது பற்றி மாகாணத்தின் வாகன விற்பனை ஒழுங்கமைப்புச் சபையான ஓம்விக்கில் புகார் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. சிறு வழக்கு நீதிமன்றப் படிவமும் வீட்டில் இருக்கிறது. உங்கள் தம்பி எழுதிக் காட்டிய தாள், எடைமேடைச் சீட்டு, கதவுத் தாளின் படம் மூன்றையும் இதோடு இணைத்திருக்கிறேன். மூலப் பிரதிகள் என்னிடம்.

14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் இனி யாரிடமும் பேசமாட்டேன். சேவை மேசையில் இருந்தவர் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதையும் அந்தப் பதிலில் எழுதுங்கள். அது இல்லாமல் மற்றது எதையும் ஏற்கமாட்டேன்.

இப்படிக்கு,
மே மாதம் உங்களிடம் இரண்டு வாகனமும் வாங்கிய வாடிக்கையாளர்
ஸ்காபரோ, ஒன்ராறியோ