கண் ஊசியும் உன் வெண்பட்டும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். பட்டுக்கூட்டு விலையும் இந்தத் தடவை கைகொடுத்திருக்கிறது, நல்லது. அம்மாவுக்கு மாதாமாதம் கண்ணில் ஊசி என்று படித்தபோதுதான் கவலையாகிவிட்டது. "ஒரே தடவையில் போட்டு முடிக்க வழியில்லையா?" என்று கேட்டிருந்தாய். ஒரே தடவையில் முடியாவிட்டாலும், ஊசிகளைக் குறைக்க நீ வளர்க்கிற வெண்பட்டை வைத்தே வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்தவர்களுக்குப் போடும் அந்த மருந்து ஒரு புரதம். சில வாரங்களில் கண்ணைவிட்டு வெளியேறிவிடும். கூடுதலாக ஏற்றிவிடலாம் என்றால் கண்ணில் இடமில்லை, ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர்தான் போடுகிறார்கள். சரி, மெதுவாகக் கசியவிடும் பொருள் ஒன்றில் அடைத்து வைத்தால்? பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர் இதற்கென்றே பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது உடம்புக்குள் சிதையும்போது அமிலம் உண்டாகிறது. புரத மருந்து தன் மடிப்பு குலையாமல் இருந்தால்தான் வேலை செய்யும். அமிலம் பட்டால் அந்த மடிப்பே கெட்டுவிடும்.

பட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் காப்லான் குழுவினர் பல ஆண்டுகளாக இதில் இருக்கிறார்கள். கூட்டை வெட்டிப் புழுவை எடுத்துவிட்டு, சோடியம் கார்பனேட் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். கூட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு இருக்கும் செரிசின் பசை போய்விடும். மிஞ்சும் ஃபைப்ரோயின் என்ற பட்டுப் புரத இழையை லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தால் கரையும். டயாலிசிஸ் செய்து, அதாவது மெல்லிய சவ்வுப் பையில் இட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, உப்பை நீக்கினால் வெளிர்மஞ்சளாக ஒரு திரவம் கிடைக்கும். அதை அல்ட்ராசவுண்டால் அதிரவிட்டு மருந்தைக் கலந்து வைத்தால், சூடும் அமிலமும் இல்லாமலே கூழாக உறையும். புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு பீட்டா தகடுகள் என்ற தட்டையான அடுக்குகளாவதால் வரும் உறைவு அது. பட்டு எவ்வளவு அடர்த்தி, தகடுகள் எவ்வளவு என்பதைப் பொறுத்து மருந்து கசியும் வேகமும் மாறும்.

2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணில் போடும் இந்த வகைப் புரத மருந்துகளில் ஒன்றான பெவாசிஸுமாப்பைப் பட்டுக்கூழில் கலந்து முயல்களின் கண்ணில் போட்டார்கள். வழக்கமான ஊசியில் 30ஆம் நாள் இருக்கிற மருந்தளவு, இதில் 90ஆம் நாளிலும் இருந்தது! இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012-இல், எப்போதும் குளிரில் வைக்க வேண்டிய தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசியைப் பட்டில் வைத்து 45 டிகிரியில் ஆறு மாதம் விட்டுப் பார்த்தார்கள். வீரியம் ஏறக்குறைய 85 சதவீதம் அப்படியே இருந்தது. கரண்ட் நிற்காத நாளே இல்லாத ஊர்களை நினைத்துப் பார்க்கிறேன், எனக்குக் கண் ஊசியைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் முயல் கண் வேறு, அம்மா கண் வேறு. முதல் சில நாட்களிலேயே மருந்து அதிகமாக வெளியேறிவிடாமல் பார்க்க வேண்டும், மருந்து தீர்ந்த பிறகு தங்கும் பட்டு எத்தனை காலம் கண்ணுக்குள் கிடக்கும் என்றும் பார்க்க வேண்டும். அதனால் இதை நம்பி ஒரு ஊசியைக்கூடத் தள்ளிப்போடாதே. கூட்டிப்போக ஆள் இல்லாவிட்டால் எனக்குப் போன் செய், நான் வருகிறேன்.

அப்புறம், அடுத்த அறுவடையில் கறை பட்ட கூடு, இரட்டைக் கூடு என்று விலை போகாதவை இருந்தால் ஒரு பை எடுத்து வை. கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கரைத்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். லித்தியம் புரோமைடு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கால்சியம் குளோரைடு, எத்தனால், தண்ணீர் மூன்றும் கலந்தாலும் ஃபைப்ரோயின் கரையும், அது போதும். பொங்கலுக்கு முன்னால் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரவி