பொருள்: இன்ட்ரோ வீடியோ போட்டால் ப்ளூ-ரே டிஸ்க் ஓடவில்லை – சரிசெய்யவும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தரவும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் ஆட்களிடம் போனிலும் மெயிலிலும் சாட்டிலும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புது டிக்கெட் எண், ஒவ்வொரு தடவையும் "முதல்ல இருந்து சொல்லுங்க சார்". மெயில்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். அதனால் இதை உங்கள் பெயருக்கே எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் கும்பகோணத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுப்பவன். மெனுவோடு ப்ளூ-ரே டிஸ்க் தயாரிக்கிற உங்கள் டிஸ்க் ஆத்தரிங் மென்பொருளை முழு விலை கொடுத்து வாங்கியதே ஒரு வேலைக்காகத்தான். டிஸ்க்கைப் போட்டதும் எங்கள் ஸ்டுடியோ இன்ட்ரோ ஓட வேண்டும், அது முடிந்ததும் மெனு வர வேண்டும். அவ்வளவுதான். 'ஃபர்ஸ்ட் ப்ளே' என்று நீங்களே ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள், எந்த வீடியோவையும் அதில் இழுத்துப் போட்டால் போதும் என்று விளம்பரமும் செய்கிறீர்கள். போட்டேன். 20 விநாடி இன்ட்ரோ, குத்துவிளக்குச் சுடர், தங்க எழுத்தில் ஸ்டுடியோ பெயர், பின்னால் நாதஸ்வரம். பச்சை டிக் காட்டியது, ப்ரிவ்யூவில் அழகாக ஓடியது, எரித்து முடித்து 'சக்சஸ்' என்றும் சொன்னது.

பிளேயரில் போட்டால் டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, முன்பக்கத்தில் 'லோடிங்' என்று ஓடுகிறது, அப்புறம் டிவி முழுக்கக் கறுப்பு. இன்ட்ரோவும் வரவில்லை, மெனுவும் வரவில்லை, ரிமோட்டில் எதை அழுத்தினாலும் தடை அடையாளம்தான். அந்த இன்ட்ரோவை மட்டும் எடுத்துவிட்டு எரித்தால் அதே பிளேயரில் மெனு உடனே வந்து நிற்கிறது. கோளாறு எங்கே இருக்கிறது என்று இதற்கு மேல் என்ன சொல்ல?

உங்கள் ஹெல்ப்லைனில் ஒருவர் 1080 அளவிலேயே நொடிக்கு 50 பிரேம் (படம்) வைக்கச் சொன்னார். இன்னொருவர் 30 வைக்கச் சொன்னார். ஒரு புண்ணியவான் ஃபைல் பெயரில் எம்பி4 என்பதை அழித்துவிட்டு ப்ளூ-ரே ஃபைல் வகையான எம்2டிஎஸ் என்று மாற்றினால் ஓடும் என்றார். ஐயா, ப்ளூ-ரே மென்பொருள் விற்பது நீங்களா நானா? எல்லாவற்றையும் செய்து பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்க் குப்பைக்குப் போனது. நல்ல வெற்று டிஸ்க் இப்போது சும்மா கிடைக்கிறதா? சோனியே 2025 பிப்ரவரியோடு எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது, இருக்கிற சரக்கைத் தேடித்தேடி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஃபைல் பெயரை மாற்றச் சொன்ன அந்த ஆளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். நான் பாதி சொல்லும்போதே கொட்டாவி விடுகிற சத்தம். அப்புறம் சொன்னார், "இப்பல்லாம் யார் சார் ப்ளூ-ரே போடுறாங்க, பேசாம பென்டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுத்திருங்க." ப்ளூ-ரே எரிக்கிற மென்பொருளை விற்கிற கம்பெனியில், அதற்கு உதவவென்றே சம்பளம் வாங்குகிறவர் பேசுகிற பேச்சா இது? பென்டிரைவில் கொடுப்பதென்றால் உங்களிடம் எதற்கு வருகிறேன்? அதில் மெனு வருமா, வரவேற்பு தனி, முகூர்த்தம் தனி என்று பிரித்துக் காட்டுமா? "நாங்க கஸ்டமர் சார், கொஞ்சம் மரியாதையா பேசுங்க" என்றேன். லைனைக் கட் செய்துவிட்டார். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். எடுத்துக் கேளுங்கள்.

கேட்டுவிட்டு, இந்தத் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன், அதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். 1920-க்கு 1080 அளவில் ப்ளூ-ரே ஏற்பது நொடிக்கு 23.976 அல்லது 24 முழு பிரேம், இல்லாவிட்டால் ஒரு பிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதிப் படமாக (ஃபீல்டு) பிரிக்கிற இன்டர்லேஸ் முறையில் 50 அல்லது 59.94 ஃபீல்டு. 25 முழு பிரேமுக்கு அங்கே இடமே கிடையாது. நம் ஊரில் கல்யாணம் எடுப்பவர்கள் பெரும்பாலும் 25-ல்தான் எடுக்கிறோம், மண்டபத்து லைட் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் எரிகிறது, வேறு வேகத்தில் எடுத்தால் மினுக்கும் என்று. இது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஏனென்றால் மெயின் வீடியோவை உங்கள் மென்பொருளே 50 ஃபீல்டாக மாற்றிக்கொள்கிறது. இன்ட்ரோவை மட்டும், ப்ளூ-ரே ஏற்கிற ஹெச்.264 சுருக்க முறையில்தானே ஏற்கெனவே இருக்கிறது என்று தொடாமல் அப்படியே டிஸ்க்கில் தள்ளிவிடுகிறது. எரித்த டிஸ்க்கின் ஸ்ட்ரீம் ஃபோல்டரைத் திறந்து அந்தக் குட்டி ஃபைலை, வீடியோ விவரம் காட்டுகிற மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன், '25.000, ப்ரோக்ரெசிவ்', அதாவது 25 முழு பிரேம், என்று நிற்கிறது. மற்ற பிரேம்களை நம்பாமல் முழுப் படமாகப் பதிவாகிற கீ பிரேமும் அப்படித்தான். வீடியோ நொடிக்கு 15 மெகாபிட்டுக்கு மேல் போனால் ஒரு விநாடிக்குள் ஒன்று வர வேண்டும், அதையும் சரிபார்ப்பதில்லை. 2006-லிருந்து கடையில் இருக்கிற டிஸ்க் இது. ஒரு சிவப்பு எச்சரிக்கை காட்ட உங்களுக்கு என்ன கஷ்டம்? பச்சை டிக் எதற்கு?

சரி, 720 அளவில் 50 பிரேமாக மாற்றிப் போட்டேன், அது விதியில் உள்ளது, ஓடுகிறது. ஆனால் தங்க எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்து கிடக்கிறது, மெனுவுக்குப் போகும்போது டிவி ஒரு கணம் இருண்டு மறுபடி வருகிறது. இன்ட்ரோவைப் புதிதாக 1080-ல் 50 ஃபீல்டாக ரெண்டர் செய்து கொடுத்தால் உங்கள் மென்பொருள் ஃபீல்டு வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறது, விளக்குச் சுடர் உதறுகிறது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால்தான் "பிளேயரோட எங்க டீலர்கிட்ட போங்க, செக் பண்ணித் தருவாங்க" என்று சென்னைக்கு அனுப்பினீர்கள். ராத்திரி பஸ்ஸில் பிளேயரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன், தூக்கமே இல்லை. காலையில் ரிச்சி தெருவில் கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். டீலர் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. "நாங்க லைசென்ஸ் கீ மட்டும்தான் விக்கிறோம் சார், கம்பெனிக்கு போன் பண்ணுங்க." போன் செய்தால் எடுத்தது யார்? அதே பென்டிரைவ் ஆள். அந்த வெயிலில் தெருவில் நின்று நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது.

இந்த இன்ட்ரோவோடு நான் கொடுத்த கல்யாண டிஸ்க்கை, பெண் வீட்டில் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, பாய் விரித்து உட்கார வைத்துப் போட்டிருக்கிறார்கள். கறுப்புத் திரை. பெண்ணின் அப்பா எனக்கு போன் செய்து, "தம்பி, வெறும் டிஸ்க்கைக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். மீதிப் பணம் அங்கேயே நின்றுபோனது. அவர்கள் சொந்தத்தில் அடுத்த முகூர்த்தங்களும் கைவிட்டுப் போய்விட்டன. என் பெயர் ஊர் முழுக்கக் கெட்டுவிட்டது, தொழிலே முடிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இன்ட்ரோவைச் சரியாக மாற்றித் தருகிற அப்டேட் கொடுங்கள், முடியாதென்றால் மென்பொருளின் முழு விலையையும் வீணான டிஸ்க்குகளின் காசையும் திருப்பித் தாருங்கள். அந்த ஊழியர் எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவாகும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் இருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று உங்கள் சாட்டில் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது, உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை.

வாங்கிய ரசீது, எரித்த டிஸ்க்கின் முழு நகலான ஐஎஸ்ஓ ஃபைல், மீடியாஇன்ஃபோ படம், மெயில்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். ஹெல்ப்லைனுக்கு போன் செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை நம்பி வாங்கிய ஸ்டுடியோக்காரன்
கும்பகோணம்