புத்தகத்தோடு தங்கள் நேரத்தையும் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

போன மாதம் எனக்கு விளம்பர வாசகம் எழுதும் வேலை கிடைத்தது. "எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டார்கள். புத்தகம் படித்து என்றேன். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி நீங்கள்.

சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடை ஐயா, நான் தடிமனான ஒரு மார்க்கெட்டிங் பாடநூலைக் கையில் வைத்திருந்தேன். நீங்கள் அதை வாங்கி வைத்துவிட்டு, அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் எழுதிய 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற மெல்லிய புத்தகத்தை நீட்டினீர்கள். ஏழு முறை படிக்காதவரை விளம்பர வேலைக்குள் விடக்கூடாது என்று விளம்பர உலகின் பெரிய புள்ளியான டேவிட் ஓகில்வியே சொன்ன புத்தகம் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. விலை கூடிய புத்தகத்தை விற்காமல் விட்டீர்களே, அதை மறக்க மாட்டேன்.

விக்டோரியா தெரு நூலகத்தின் அடித்தளத்தில் எனக்கு வழிகாட்டிய அக்காவுக்கும் நன்றி. 21 நாள் தவணை போதாமல் தவித்தபோது நீட்டிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். பழைய 'தமிழ் முரசு' நாளிதழ்ப் பக்கங்களை எப்படித் தேடுவது என்றும் காட்டினீர்கள். ஆங்கில விளம்பரத்தை வரிக்கு வரி தமிழாக்கினால் அது யாரிடமும் பேசாது. அந்தப் பக்கங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

ஈசூன் முறுக்கு அக்கா, உங்களுக்குத்தான் பெரிய கடன். ஹாப்கின்ஸ் ஒரு பீர் ஆலைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து, பாட்டில்களை இயந்திரத்தால் நான்கு முறை கழுவுவதை எழுதினார். எல்லா ஆலைகளும் செய்ததுதான், ஆனால் யாரும் வெளியே சொல்லியிருக்கவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் உங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தேன். அரிசியை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்தி, நீங்களே அரைத்துச் சலித்தீர்கள். முதல் முறுக்கை எண்ணெயில் போட்டுவிட்டு, "சத்தம் அடங்கினாத்தான் எடுக்கணும்" என்றீர்கள். அன்று இரவே 'தரமான, சுவையான முறுக்கு' என்று நான் எழுதி வைத்திருந்த நோட்டீஸைக் கிழித்துவிட்டு, 'எண்ணெயின் சத்தம் அடங்கும்வரை எடுக்க மாட்டோம்' என்று எழுதினேன்.

சரி, எது எடுபடும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பஃபலோ ரோடு பூக்கடை அண்ணன் கை கொடுத்தார். பழைய வாசகம் 200, புதிய வாசகம் 200 அச்சடித்தோம். மூலையில் பழையதுக்கு 'அ', புதியதுக்கு 'ஆ' என்று ஓர் எழுத்து. அண்ணன் சரம் கட்டிக் கொடுக்கும்போதெல்லாம் மாற்றி மாற்றி ஒன்றைப் பைக்குள் வைத்தார். ஆர்டர் சொல்ல அழைத்தவர்களிடம் அக்கா எழுத்தைக் கேட்டுக் காலண்டரில் கோடு போட்டார். 'அ'வுக்கு 6 கோடு, 'ஆ'வுக்கு 23. அண்ணே, தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு நாள்கூட நீங்கள் மறக்கவில்லை.

நான் எழுதியதையெல்லாம் வாய்விட்டு வாசித்து, மூச்சு முட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்ட பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர் அம்மா, உங்களுக்கும் என் வணக்கம். இந்த மடலையும் நீங்கள் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

அக்கா, இந்த வருடம் அதிரசமும் போடுவதாகச் சொன்னீர்கள். பாகு காய்ச்சும் அன்று சொல்லுங்கள், நோட்டுப் புத்தகத்தோடு காலையிலேயே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி