வாசிகசாலைக் குடும்ப நூல்களுக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

குடும்பம், உறவு, பிரிவு, குடி, இழப்பு, அதிலிருந்து மீளுதல் பற்றிய நூல்கள் எங்கள் வாசிகசாலையில் இரவல் போகத் தொடங்கிவிட்டன. உதவியவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான். இன்னார் தந்த புத்தகம் என்று தெரிந்தால், அது அவர் வீட்டில் ஏன் இருந்தது என்ற கதை அன்று பின்னேரமே ஒழுங்கை முழுக்கப் போய்விடும். ஆகவே ஆளைச் சொல்லாமல் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். வேலையைச் சற்று விரித்தே எழுதியிருக்கிறோம். வேறு ஊர் வாசிகசாலைக்காரர் இதைத் தொடங்கினால் பயன்படும்.

முதல் நன்றி, நூலக சேவையிலிருந்து இளைப்பாறிய ரீச்சருக்கு. இந்த நூல்களையெல்லாம் ஒரே றாக்கையில் அடுக்கி மேலே ‘மன ஆறுதல்’ என்று பலகை போடுவதுதான் எவருக்கும் முதலில் வருகிற யோசனை. ரீச்சர் அதைத் தொடக்கத்திலேயே மறித்தார். பலகைக்கு முன்னால் நிற்கிறவரைப் பேப்பர் மேசையில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள், அதனால் ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நூல்களை விடய வாரியாக எண்ணிட்டு அடுக்குகிற டூயி தசமப் பகுப்பு இந்த நூல்களைத் தானாகவே சிதறடித்து வைக்கிறது. இழப்புத் துயர் 155.937 இல், தன்னைச் சீர்ப்படுத்தும் நூல்கள் 158 இல், திருமணமும் குடும்பமும் 306.8 இல், மதுவும் போதையும் 362.29 இல், பிள்ளை வளர்ப்பு 649 இல், தமிழ் நாவல் 894.8113 இல். பெரிய நூலகத்தில் இது தேடுகிறவருக்கு அலைச்சல். சின்ன ஊரில் அதுவே நல்ல மறைப்பு: 649 க்கு முன்னால் நிற்கிறவர் பக்கத்திலிருக்கும் சமையல் புத்தகமோ தையல் புத்தகமோ தேடுவதாகத்தான் தெரியும். எந்த விடயம் எந்த எண்ணில் என்ற பட்டியலை அங்கத்துவ உறையின் பின்பக்கம் அச்சடித்துவிட்டோம். வீட்டுத்தோட்டமும் சோதிடமும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ஒருவரிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை.

அந்த உறைகளையும் புத்தக அட்டைகளையும் வெட்டித் தந்த அச்சக முதலாளிக்கு அடுத்த நன்றி. வாசிகசாலைகளில் வழமையாக மேசையில் ஒரு இரவல் கொப்பி திறந்து கிடக்கும். பெயர், புத்தகம், திகதி என்று வரிசையாக எழுதியிருக்கும், வருகிறவர் போகிறவர் எல்லாம் புரட்டுவார்கள். அதை நிறுத்திப் பழைய பிரௌண் முறைக்குப் போனோம். புத்தகத்துக்கு ஒரு அட்டை, அங்கத்தவருக்கு அந்த அட்டை நுழையக்கூடிய ஒரு உறை. புத்தகம் வெளியே போகும்போது அட்டையை உறைக்குள் செருகி, திகதி வாரியாக லாச்சியில் அடுக்க வேண்டும். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள் போகும், உறை ஆளின் கைக்குப் போகும். யார் எதை வாசித்தார் என்ற தடயம் அதோடு இல்லை. இதில் ஒரு பலவீனம் இருக்கிறது: அட்டை மாறிச் செருகுப்பட்டால் அந்தப் புத்தகம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் கொடுக்கும்போது அட்டையிலுள்ள சேர்விலக்கத்தையும் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவில் இடுகிற தனி எண்) புத்தகத்தின் முதற்பக்கத்திலுள்ள சேர்விலக்கத்தையும் வாய்விட்டு வாசித்து ஒத்துப்பார்க்கிறோம். இலக்கத்தை மட்டும், தலைப்பை வாசிப்பதில்லை. அட்டைகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் லாச்சியில் விரல் தட்டி வரிசை குழம்பும். வெட்டி மிஞ்சிய தடித்த அட்டையில்தான் செய்தார் என்றாலும், முதலாளி எல்லாவற்றையும் மயிரிழை பிசகாமல் வெட்டித் தந்தார்.

புத்தகங்களுக்குத் தாள் உறை போட்ட உயர்தர மாணவருக்கும் நன்றி. இந்த நூல்களுக்கு மட்டும் பழுப்புத் தாள் போட்டால் பழுப்புத் தாளே அடையாளமாகிவிடும் என்பதால் கணிதம், சமையல், சமயம் என்று எல்லாவற்றுக்கும் போட்டார்கள். எட்டரைக்கு ஐந்தரை அங்குலப் புத்தகத்துக்கு 18 க்கு 10½ அங்குலத் தாள் போதும். மேலும் கீழும் ஒவ்வோர் அங்குலம் மடிப்பு, பக்கவாட்டில் மும்மூன்று அங்குலம் உள்மடிப்பு. செலோரேப் ஒட்டவில்லை. எங்கள் வெயிலுக்கு அதன் பசை இளகி மஞ்சளாகக் கசிந்து பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும். முதுகில் எண் மட்டும் இருக்கும், தலைப்பு உள்ளே.

இனி, நூல்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தெரிந்து தந்த உளவளத்துணையாளர்களுக்கும் சட்டத்தரணி அக்காவுக்கும். இந்த வேலை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் தச்சு வேலையும் தையல் வேலையும்தான். கிடைத்ததையெல்லாம் அடுக்கினால் உதவியைவிட உபத்திரவம் கூட என்பதை அவர்கள்தான் காட்டினார்கள்.

குடியை எடுத்துக்கொள்வோம். இன்றே போத்தலை எறி, மனவுறுதி போதும் என்று சொல்கிற நூல்கள் நிறைய. வருடக்கணக்காகத் தினமும் கடுமையாகக் குடித்த ஒருவர் சடாரென்று நிறுத்தினால் முதல் நாளே கைநடுக்கம் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. ஆனால் வீட்டில் பேய் பிடித்ததென்று நினைப்பார்கள். அப்படியான நூல்களில் நல்லவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, நிறுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துங்கள் என்ற துண்டை முதற்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

இழப்புத் துயர் நூல்கள் இன்னும் சிக்கலானவை. மரணத்தை ஏற்றுக்கொள், விடைகொடுத்துக் கடிதம் எழுது, உடுப்புகளை ஒதுக்கு என்று படிப்படியாகச் சொல்லுகிற நூல், செத்தவீடு நடந்த வீட்டுக்குச் சரி. காணாமற்போன மகனின் சேட்டை மடித்து வைத்திருக்கிற தாயின் கையில் அதைக் கொடுத்தால், பிள்ளையை நீயே கொன்றுவிடு என்று சொல்வது போலாகும். முடிவு தெரியாத இழப்பு வேறு வகையானது, அதில் நம்பிக்கையும் துக்கமும் ஒரே வீட்டில் கூடவே இருக்கும் என்று உளவியலில் தனியாக எழுதியிருக்கிறார்கள். தமிழில் அப்படியான எழுத்து மிகக் குறைவு, கிடைத்த சிறு பிரசுரங்களை மட்டையிட்டு வைத்திருக்கிறோம். கூடவே சட்டத்தரணி அக்கா எழுதித் தந்த ஒரு பக்கக் குறிப்பு: இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் இன்னும் காணப்படவில்லை என்ற சான்றிதழைப் பெற்றுக் குடும்ப அலுவல்களைப் பார்க்கலாம்.

சட்டம் என்றதும், தமிழ்நாட்டில் அச்சான நூல்களின் பெரிய வில்லங்கம் இதுதான். குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் அங்கேயும் 2005, இங்கேயும் 2005. அங்கே 43 ஆம் இலக்கம், இங்கே 34 ஆம் இலக்கம். தலைகீழாக்கினால் மற்றது வரும், ஆனால் நடைமுறை வேறு. இங்கே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இடைக்காலக் கட்டளை குறுகிய காலத்துக்கு மட்டும், பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம். விவாகரத்தும் அப்படித்தான். இருவரும் ஒத்துப்போனால் பிரியலாம் என்று அந்த நூல்களில் இருப்பது இந்தியச் சட்டம். அதை நம்பிக்கொண்டு இங்கே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், ஓடிப்போய்விட்டார், பிறரோடு வாழ்கிறார் போன்ற ஒரு காரணத்தை நிறுவு என்று கேட்பார்கள். பின்னட்டையில் அச்சடித்திருக்கும் உதவி இலக்கங்களும் இங்கே வேலை செய்யா. அவற்றின் மேலே எங்கள் துண்டு: மனநலத்துக்கு 1926, சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938.

அடித்தாலும் பொறுத்துப் போ என்று மனைவிக்குப் புத்தி சொல்லுகிற நூல்கள், உயிரை மாய்க்கும் வழியை விவரிக்கிற நூல்கள் இரண்டையும் யார் தந்திருந்தாலும் எடுக்கவில்லை. தந்தவர்கள் மன்னிக்கவும். குழந்தையைத் தனி அறையில் படுக்கவைக்கச் சொல்லுகிற வெள்ளைக்கார நூல்களை வைத்திருக்கிறோம். ஒரு அறை வீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போகட்டும்.

புத்தகம் கட்டுகிற ஐயாவுக்குத் தனி நன்றி. இப்போது வருகிற நூல்கள் பெரும்பாலும் சூட்டுப் பசையில் ஒட்டியவை, நாலு பேர் விரித்து வாசித்தால் முதுகு வெடித்துத் தாள் தாளாகக் கழரும். ஐயா பழைய பசையைச் சுரண்டி, முதுகோரத்தில் ஐந்து துளை போட்டு மெழுகு நூலால் தைக்கிறார். உள்ளோரத்தில் முக்கால் அங்குலமாவது வெறும் இடம் இருந்தால்தான் இது சரி, இல்லாவிட்டால் தையல் எழுத்தை விழுங்கிவிடும். அப்படியானவற்றுக்குத் தையலை விட்டு, முதுகில் பருத்தித் துணி வைத்து ஒட்டுகிறார். பசை, ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கண்ணாடி போல வரும்வரை கிண்டல், இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம். துத்தம் இல்லாத மாப்பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. கூடிப்போனாலும் கூடாது: தாள் பச்சை பிடிக்கும், அது நஞ்சும்கூட, பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது.

அந்தியேட்டி மலர்களைத் தந்த வீட்டுக்காரர்களை மறக்கமுடியாது. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற, பழைய ஆட்கள் கல்வெட்டு என்கிற இந்தச் சிறு நூல்தான் எங்கள் பக்கத்தில் குடும்பத்தைப் பற்றி அதிகம் அச்சான நூல். வம்சாவளி, பிள்ளைகள் எழுதிய நினைவு, பேரப்பிள்ளையின் நாலு வரி. துக்கத்தை ஊர் எப்படிச் சொல்கிறது என்று இதைவிடத் தெளிவாக எந்த மொழிபெயர்ப்பிலும் இல்லை. நூலகம் என்ற எண்ணிம நூலகத்திலும் இவற்றை ஏற்றி வருகிறார்கள். கம்பி ஊசிதான் இவற்றின் எமன். மாரியில் துரு ஏறி நடுப்பக்கத்தைத் தின்னும். ஊசியை நகத்தால் இழுக்காமல், பின்பக்கக் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்திக் கழற்றி, அதே துளைகளில் வெள்ளை நூல் கோத்தோம். பளபளப்புத் தாள் நனைந்தால் காயமுன்னரே பக்கங்களைப் பிரித்து இடையில் மெழுகுத் தாள் வைக்க வேண்டும், காய்ந்தபின் பிரித்தால் படம் மற்றப் பக்கத்தோடு போய்விடும். உயிரோடிருக்கிறவர்களின் முகவரியும் இவற்றில் இருப்பதால் இரவல் இல்லை, உள்ளேயிருந்து வாசிக்கலாம்.

வேப்பம் பலகையில் றாக்கை அடித்து, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வைத்துத் தந்த தச்சருக்கும், கால்களின் கீழ் வைக்கப் பழைய எண்ணெய் ஊற்றிய தகரப் பேணிகள் தந்த கராஜ்காரருக்கும், பெட்டிகளைக் காசில்லாமல் ஏற்றி இறக்கிய ஓட்டோ அண்ணாமாருக்கும் எங்கள் நன்றி.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெட்டி போட்டவர்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் ஒவ்வொரு நூலையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக ஒருமுறை உதறிப் பாருங்கள். கடிதங்கள், படங்கள், வங்கித் துண்டுகள் வந்திருக்கின்றன. வந்தவற்றை உறையிலிட்டுத் திருப்பியனுப்பிவிட்டோம். பூஞ்சணம் மணக்கிற நூல் ஒன்று இருந்தாலும் அதே பெட்டியில் போட வேண்டாம், கப்பலில் வருகிற வாரங்களில் பெட்டி முழுக்கப் பரவும். அடுத்த பெட்டியில் எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது பெரிய எழுத்துத் தமிழ் நூல்கள். மறதி நோய் வந்த பெற்றோரைப் பராமரிப்பது பற்றி எளிய தமிழில் எது கிடைத்தாலும் முதலில் அதைப் போடுங்கள்.

நன்றியுடன்,
வாசிகசாலை நூற்குழுவினர்,
யாழ்ப்பாணம்.